மீதி எங்கே போச்சு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் அச்சாகிறது.)



"கட்டடத் துறையில் கணிப்பொறி" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ரொம்பப் பெரிய தலைப்பு. நான் கோவில்பட்டியில் வீட்டுக்குப் பிளான் போட்டுப் பிழைக்கிறவன். அதனால் தலைப்பை நானே வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கிராதி. பால்கனிக்கும் மாடிப்படிக்கும் பூ வைத்துப் போடுகிறோமே, அந்தக் கம்பிக் கிராதி. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் 'அழி' என்பார்கள். 'அழி போட்ட திண்ணை' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது எல்லோருக்கும் அது கிரில். அதைக் கம்ப்யூட்டரில் எப்படி வரைவது என்பதைவிட, வரைந்து நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்.

நாங்கள் படித்தது 1990களின் முதல் பாதி. டிராயிங் போர்டு, டி ஸ்கொயர், பிளேடால் சுரண்டிய டிரேசிங் பேப்பர். முகப்பு வரையும்போது கிராதி வந்தால் ஒரு மூலையில் ஒரே ஒரு பூவை அழகாகப் போட்டுவிட்டு, மீதி நீளத்துக்கு இரண்டு கோடு இழுத்து 'மற்றவை இதுபோல்' என்று எழுதிவிடுவோம். மார்க் விழுந்துவிடும். கடைசி வருஷம் லேபில் ஆட்டோகேட் வந்தது. கறுப்புத் திரை; ஒரு மிஷினுக்கு 4 பேர். ஒரு பூவை வரைந்து 'அர்ரே' என்று தட்டினால் 40 பூ வரிசையாக நின்றது. அன்றைக்கு ஹாஸ்டலில் சாப்பாடு இறங்கவில்லை. இனி 'மற்றவை இதுபோல்' என்று எழுத வேண்டாமே என்ற சந்தோஷம். ஆனால் அந்த 'மற்றவை'யில்தான் முழு வேலையும் இருக்கிறது என்று புரிய எனக்கு 25 வருஷத்துக்கு மேல் ஆனது.

ரெவிட் என்ற மென்பொருளை இப்போது நீங்கள் முதல் வருஷத்திலேயே தொட்டிருப்பீர்கள். 2000-இல் வெளிவந்து, 2002-இல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போனது. அதில் கிராதி என்பது வெறும் கோடு அல்ல. கிராதி போகும் பாதையை மட்டும் நாம் வரைகிறோம். மேல் கைப்பிடி, கீழ்ப்பட்டை, நிற்கும் கம்பிகள் எல்லாம் அந்தப் பாதைமேல் தானாக ஏறி நிற்கின்றன. நிற்கும் கம்பியையோ பூப்பேனலையோ தனிக் கோப்பாக ஒரு தடவை செய்து வைத்துவிட்டு, முந்தினதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி அடுத்தது என்று ஓர் அட்டவணையில் எழுதினால் போதும். படிமேல் போட்டால் படியின் சரிவுக்குச் சாய்ந்துகொள்ளும். பாதையின் நீளம் பூவின் அகலத்தால் சரியாக வகுபடாவிட்டால் மீதியை என்ன செய்ய வேண்டும் என்றுகூட அது கேட்கிறது. தொடக்கத்தில் விடவா, கடைசியில் விடவா, நடுவில் வைத்து இரண்டு பக்கமும் விடவா, அல்லது எல்லாவற்றுக்கும் சமமாகப் பரப்பவா? கேள்வி கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். நாங்கள்தான் கேள்வியைப் படிக்காமல் பதில் சொன்னோம்.

எட்டயபுரம் சாலையில் ஒரு கிராமம். நல்ல சம்சாரி வீடு. பருத்தி, உளுந்து, மல்லி என்று கரிசலில் பாடுபட்டு வந்த குடும்பம். மகன் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்ட வந்தார். பிளான் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய தாயார் என்னைக் கூப்பிட்டார். "வீட்டை இடிங்க, நான் வேண்டாம்னு சொல்லல. இந்த அழியில இருக்க பூ மட்டும் எனக்குப் புது வீட்லயும் வேணும்" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பூவுக்கு ஊடே தெருவைப் பார்த்தவர். பழைய அழி 9 அடி நீளம். புது வீட்டில் பால்கனியே பதிமூன்றரை அடி, அது போக மாடிப்படி. பழசைக் கழற்றி மாட்ட முடியாது; அதே மாதிரி புதிதாகச் செய்ய வேண்டும்.

எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் பிள்ளை, நம்ம கல்லூரியில் படித்தவள்தான், டேப்பும் போனுமாகப் போய் அளவு எடுத்து வந்தாள். அமைப்பு இதுதான்: இரண்டு நேர்க்கம்பிக்கு நடுவே 240 மில்லிமீட்டர் இடம். அதில் 4 சுருள் பட்டை சேர்ந்து ஒரு பூ, நடுவில் ஒரு வளையம். வெல்டிங் கிடையாது, சின்னக் கவ்வுப் பட்டையைச் சூடாக்கிச் சுற்றி அடித்திருந்தார்கள். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே இரட்டைக் கம்பி. அந்த இரட்டைக் கம்பிக்கு இடையே உள்ள சந்து ஓர் இடத்தில் 34, ஓர் இடத்தில் 41, இன்னோர் இடத்தில் 36. "சார், ஆசாரி அளவு தப்பா வச்சிருக்காரு" என்றாள். "அந்தக் காலத்துல டேப்பா வச்சிருந்தாங்க" என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னால் விலை கொடுத்தேன்.

முதலில் அந்தப் பூவை அச்சு அசலாக, கவ்வுப் பட்டை, சுத்தியல் தழும்பு உட்படச் செய்தாள். ஒரு பூ அருமையாக இருந்தது. 16 பூ வைத்ததும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திரையைத் திருப்பினால் டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு பூவை நான்காக வெட்டினோம். கால் பூவை மட்டும் வரைந்து, இடது வலம் ஒரு கண்ணாடி, மேல் கீழ் ஒரு கண்ணாடி. கண்ணுக்குத் தெரியாத தழும்பு எல்லாம் போனது. வளைவுகளை ஆறேழு வட்டத்துண்டாகக் குறைத்தோம். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்: எந்தக் கிராதியாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியது, இதற்குமேல் சிறிதாக்க முடியாத துண்டு எது, அது எப்படித் திரும்புகிறது, இந்த இரண்டும்தான்.

இது நமக்குப் புதிது இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். வாசலில் போடுகிற கோலத்தை, ஒரு சிறு துண்டும் அது பெருகும் விதியுமாகக் கம்ப்யூட்டருக்குப் புரியும் இலக்கணத்தில் எழுதிக் காட்டிய கட்டுரை அது. ரெவிட் வருவதற்கு 26 வருஷம் முன்பு! நம்ம வீட்டுப் பெண்கள் அதற்கும் எத்தனையோ தலைமுறை முன்பிருந்து அதைக் கையாலேயே செய்துகொண்டிருக்கிறார்கள்.

'சார், இன்டர்நெட்டில் ஆயிரம் பூ சும்மா கிடைக்குதே, எடுத்து ஒட்டிட்டாப் போச்சே' என்று ஒருவர் நினைக்கலாம். கிடைக்கிறது. அதில் நிறைய, விக்டோரியா காலத்து வார்ப்பிரும்பு மாதிரிகள். அந்தக் காலத்திலும் இப்படி ஒரு கடை இருந்தது. கிளாஸ்கோ நகரத்தில் வால்டர் மேக்ஃபார்லேன் கம்பெனியின் சாரசன் வார்ப்படச் சாலை. தூண், கிராதி, நீரூற்று எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டுப் புத்தகம் அச்சடித்து உலகம் பூராவும் விற்றார்கள். மைசூர் அரண்மனைக் கல்யாண மண்டபத்து இரும்புத் தூண்கள் அங்கே வார்த்து வந்தவை. ஆனால் வார்ப்பு என்பது மணல் அச்சில் ஊற்றுவது. எந்த உருவமும் வரும். நம்ம பட்டறையில் இருப்பது பட்டையும் கம்பியும். வளைக்க முடிந்ததுதான் வரும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி மினுமினுக்கும். இலையும் கொடியுமாக ஒரு பேனலை இறக்கி ஒட்டிவிட்டு, அதைச் செய்து தா என்று வெல்டரிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? பக்கத்துக் கடையில் விற்கும் ரெடிமேடு பூவை வாங்கி வைத்து அடிப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன். எனக்கு இரும்பை மிச்சப்படுத்தும் யோசனை வந்தது. இரட்டைக் கம்பி எதற்கு, ஒரு கம்பியை இரண்டு பூவும் பங்குபோட்டுக்கொள்ளட்டுமே? பூ 240, கம்பி 12, ஆக 252-க்கு ஒரு பூ. பால்கனியில் தூணுக்குத் தூண் 4,115 மில்லிமீட்டர். 16 பூவும் கடைசிக் கம்பியும் சேர்த்து 4,044. மீதி 71. 'சமமாகப் பரப்பு' என்று கொடுத்தோம். திரையில் பால்கனி ஜம்மென்று நின்றது. பாட்டியம்மாவிடம் டேப்லெட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த 'தான்' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலையை எங்கள் வெல்டிங் பட்டறை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் தரையில் சாக்கட்டியால் ஒரு பூவை முழு அளவில் வரைந்து, சணல் கயிற்றைக் கோட்டின்மேல் வைத்து நீளம் பிடித்து, ஓர் இரும்பு அச்சைத் தட்டி, 64 சுருளையும் அதில் வளைத்து முடித்தார். சட்டத்தை 4,115-க்கு அடித்தார். பிறகு போன் வந்தது.

"தம்பி, பதினாறு பூ வச்சாச்சு. மீதி எழுபது மில்லியை எங்கன வச்சீக? எனக்குத் தெரியல."

போய்ப் பார்த்தேன். 71-ஐ 16-ஆல் வகுத்தால் பூவுக்கு நாலரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் படத்தின்படி கம்பியை நிறுத்தினால், ஒவ்வொரு பூவும் ஒரு பக்கம் கம்பியைத் தொடுகிறது. மறுபக்கம் நாலரை மில்லி காற்று. வெல்டு வைக்க இரும்பு இல்லை. 1-க்கு 50 அளவில் அச்சடித்த தாளில் நாலரை மில்லி என்பது பத்தில் ஒரு மில்லிகூட இல்லை. யார் கண்ணுக்குத் தெரியும்? மென்பொருள் மேல் தப்பே கிடையாது. பரப்பச் சொன்னோம், பரப்பியது. அது பேனல்களைத் தள்ளி வைக்குமே ஒழியப் பூவை அகலமாக்காது. அகலமாக்கினாலும் அண்ணாச்சியின் அச்சு ஒன்றுதானே.

நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, மாதிரிக்காகக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய அழியிடம் அண்ணாச்சி கூட்டிப் போனார். இரட்டைக் கம்பிச் சந்தில் டேப்பை வைத்தார். 34. அடுத்தது 41. அடுத்தது 36. "பாத்தீகளா? அந்தக் காலத்து ஆளு மீதியை இங்கன ஒளிச்சு வச்சிருக்காரு. பூ அத்தனையும் ஒரே அளவு. பாக்கிறவன் பூவத்தான் பாப்பான், சந்தையா பாப்பான்?"

தப்பு என்று நாங்கள் சிரித்த இடத்தில்தான் அந்த ஆசாரி தன் கணக்கை வைத்திருந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மாறக் கூடாத ஒன்றையும் மாறலாம் என்கிற ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்தப் பூவையே அமைத்திருக்கிறார். நான் இரும்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த இரண்டாவதை வெட்டி எறிந்துவிட்டேன்.

மறுபடியும் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை பூவும் அதன் இரண்டு பக்கக் கம்பியும் சேர்ந்து ஒரு துண்டு, 264. 14 பூ வைத்தால் சந்து 28 ஆகிப் பூக்கள் நெருக்கிக்கொள்கின்றன. 13 வைத்தால் 683 மீதி. இரண்டு ஓரத்தையும் சேர்த்து 14 சந்து. ஒவ்வொன்றும் 49-க்குக் கொஞ்சம் குறைவு. அதே மென்பொருள், அதே 'சமமாகப் பரப்பு'. ஆனால் இப்போது மீதி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இருக்கிற சுருளே போதும். மிஞ்சின 3 பூவும் வாசல் கேட்டில் ஏறின. கூடுதல் கம்பிக்கும் கூலிக்கும் ஆன செலவு என் பீஸில் கழிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் என் பெஞ்ச் நண்பர்கள் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு சோதனை உண்டு. வெளிநாட்டு விதிகளில் 4 அங்குலப் பந்து கிராதிச் சந்தில் நுழையக் கூடாது என்பார்கள். குழந்தையின் தலைக் கணக்கு. மாடலில் 100 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று வரைந்து ஒவ்வொரு சந்திலும் விட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை. பழைய அழியில் பூவுக்கு மேலும் கீழும் நடுவில் ஒரே ஒரு சிறு கம்பி. இரண்டு பக்கமும் 114. பந்து ஓடிப் போனது. திண்ணைக்குப் பரவாயில்லை, மாடிக்கு ஆகாது. ஒன்றை இரண்டாக்கினோம், சந்து 72 ஆனது. பாட்டியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். உயரம், நமது தேசியக் கட்டட விதித் தொகுப்பு பால்கனிக்குச் சொல்கிற 1 முதல் 1.2 மீட்டருக்குள்.

அடுத்து மாடிப்படி. மிதி 275, ஏற்றம் 165, சரிவு 31 டிகிரி. பூப்பேனலைப் படிமேல் வைத்ததும் மென்பொருள் அதைச் சாய்த்துக் கொடுத்தது. திரையில் பார்க்கக் குற்றமில்லை. ஆனால் 100 மில்லி வளையம் என்ன ஆயிற்று? கணக்குப் போட்டால் நீளவாக்கில் 134, குறுக்கே 74. அண்ணாச்சி தாளைப் பார்த்தவுடன், "இது பூ இல்ல தம்பி, முட்டை" என்றார். முட்டையை அச்சில் வளைக்கலாம், ஆனால் நாலு சுருளும் இப்போது ஒரே அளவு இல்லை. அச்சு மாற்றி மாற்றி அடிக்கணும். அதனால் படியில் பூவையே விட்டுவிட்டோம். கைப்பிடிக்குக் கீழே இரண்டு சாய்ந்த பட்டைக்கு நடுவே வளையங்களை மட்டும் வரிசையாக ஓட்டினோம். அங்கேயும் ஒரு பொடி: 100 மில்லி வளையம் சாய்ந்த இரண்டு பட்டையையும் தொட வேண்டுமானால் செங்குத்தாக அளந்த இடைவெளி 117 இருக்க வேண்டும். 100 என்று போட்டால் வளையம் உள்ளே போகாது. 100-ஐ 31 டிகிரியின் கொசைனால் வகுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ கணக்கு எங்கே உதவப் போகிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

எடை விஷயம் சுருக்கமாக. பட்டறையில் கூலி கிலோ கணக்கு. 12 மில்லி சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, 20-க்கு 5 பட்டை 0.785 கிலோ. மாடலில் நீளத்தைக் கேட்டால் சொல்லிவிடும். எங்கள் கணக்கில் பால்கனிக் கிராதி 79 கிலோ வந்தது. அண்ணாச்சி கண்ணால் பார்த்தே 85 என்றார். பில் 84. வெட்டுத்துண்டை நாங்கள் சேர்க்கவில்லை, அவர் சேர்த்திருந்தார்.

கடைசியாக மண். மாடலில் தரை கண்ணாடி மாதிரி சமமாக இருக்கிறது. நம்ம ஊர்த் தரை அப்படியா? சித்திரை வைகாசியில் கால் நுழைகிற அளவு வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் பொங்கும். மழைக்காலத்தில் சாத்த முடியாத கேட்டு கோவில்பட்டி சுற்று வட்டாரத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதற்குச் செலவழிக்கிறவர்கள் குறைவு. நான் முன்பெல்லாம் வெயிலில் கம்பி நீளுவதை மட்டும் கணக்குப் பார்ப்பேன். நாலு மீட்டருக்கு 30 டிகிரி ஏறினால் ஒன்றரை மில்லி, அவ்வளவுதான் என்று தைரியமாக இரண்டு தூணிலும் இறுக வெல்டு வைத்துவிடுவேன். தரைத் தளத்து வராந்தாவில் ஒரு தூண் ஒரு பக்கம் அசைந்தால் அந்த வெல்டு சும்மா இருக்குமா? இரண்டு மழைக்குள் விட்டுப்போன கிராதி என் கணக்கிலேயே உண்டு. பழைய அழிகளில் மரச்சட்டத்துத் துளையில் கம்பியைச் சொருகித்தான் வைத்திருப்பார்கள். துளைக்குள் கம்பிக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். இப்போது நான் ஒரு பக்கத் தகட்டில் நீளத் துளை போட்டு போல்ட் வைக்கிறேன். மாடலிலும் அந்தத் துளையை வரைகிறோம். வரையாவிட்டால் பட்டறையில் யாரும் போடப் போவதில்லை.

பால் காய்ச்சிய அன்றைக்குப் பாட்டியம்மா மெதுவாக மாடி ஏறி வந்தார். கிராதியை ஒரு ஓரத்திலிருந்து தொட்டுக்கொண்டே நடந்தார். எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. "பழசுல ஒம்போது. இதுல பதிமூணு. அன்னிக்கு அந்தப் படத்துல பதினாறுல்ல போட்டிருந்தீக? நடுவுல பூ விழாதே, எப்படிப்பா சொல்றதுன்னு இருந்தேன்" என்றார். டேப்லெட்டில் ஒரு நிமிஷம் பார்த்ததுதான். ஒற்றைப்படைப் புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கண்.

அதற்குப் பிறகு எந்தப் பழைய அழியைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி அளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 11 மாதிரி சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் முதலில் மீதியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறோம். இரண்டில் ஓரத்துப் பூவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்றில் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ரெவிட் கோப்பாகச் செய்து கட்டடத் துறை லேபுக்குக் கொடுக்கிறேன் என்று துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வீடுகள்தான் காத்திருக்க மாட்டேன் என்கின்றன. இடித்த மறுநாளே அழி பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிவிடுகிறது. கழுகுமலைப் பக்கம் ஒரு வீடும் எட்டயபுரம் பக்கம் ஒரு வீடும் பொங்கல் கழித்து இடிக்கப் போகிறார்கள். உரிமையாளர்கள் அளவு எடுக்கச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களில் வர விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். டேப், சாக்கட்டி, சணல் கயிறு கொண்டுவாருங்கள். லேப்டாப் வேண்டாம், தூசி. விடியற்காலம் போய் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு வந்துவிடலாம். கடலைமிட்டாயும் டீயும் என் பொறுப்பு.